கிளினிக்கல் சாஸ் கோர்ஸ்: போர்டில் பயோஸ்டாட்டிஸ்டிஷியன், வகுப்பில் புரோகிராமர்

எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்துவிட்டு மருந்துத் துறைக்குப் போக நினைக்கிறவர்கள் பலரும் சாஸ் என்கிற புள்ளியியல் மென்பொருளில் மருந்து ஆய்வு டேட்டாவைக் கையாளச் சொல்லித்தருகிற இந்த மாதிரி கோர்ஸ் பற்றித்தான் விசாரிக்கிறார்கள், அதனால் நான் படித்த இடத்தைப் பற்றி எழுதிவைக்கிறேன். சென்னையில் இருக்கிற ஓர் இன்ஸ்டிட்யூட். பெயர் வேண்டாம், ஹைதராபாத் அமீர்பேட்டில் படித்த நண்பர்களைக் கேட்டால் அங்கேயும் ஏறக்குறைய இதே பாடத்திட்டம், இதே விளம்பரம் என்கிறார்கள். வார இறுதி பேட்ச். ஃபீஸ் அரை லட்சத்தை ஒட்டி வந்தது, தவணையில் கட்டலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாஸ் நடத்தியவர் உண்மையிலேயே வேலை பார்த்தவர், லாக், அதாவது புரோகிராம் ஓடியதும் சாஸ் காட்டுகிற செய்திகளை, எப்படிப் படிப்பது என்று அவர் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே அது தெரிந்துவிட்டது. சிவப்பில் எர்ரர் வந்தால் யாராக இருந்தாலும் பார்த்துவிடுவார்கள். ஆனால் இரண்டு டேட்டாசெட்டை மெர்ஜ் செய்யும்போது இரண்டிலுமே ஒரே நோயாளியின் எண் பலமுறை இருந்தால் சாஸ் நிற்காது, நீல எழுத்தில் ஒரு நோட்டை மட்டும் போட்டுவிட்டுத் தப்பான டேட்டாவைக் கையில் கொடுத்துவிடும். அதேபோல, விடுபட்ட மதிப்பை சாஸ் எந்த எண்ணையும்விடச் சிறியதாக எடுத்துக்கொள்ளும், எனவே 18 வயதுக்குக் கீழே என்று வடிகட்டினால் வயதே பதிவாகாத தாத்தாவும் சிறுவர்களோடு வந்து நிற்பார். இப்படிப்பட்ட விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி மண்டையில் ஏற்றினார், அதற்குக் கொடுத்த காசு தகும்.

ஆய்வு டேட்டாவை எப்படி அடுக்க வேண்டும் என்கிற சர்வதேசத் தரநிலையான சிடிஸ்க் பகுதியும் பரவாயில்லை. 2016 டிசம்பர் 17க்குப் பிறகு தொடங்கிய ஆய்வு என்றால் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு அதன் டேட்டாவை சிடிஸ்கின் எஸ்.டி.டி.எம். (சேகரித்த டேட்டா), ஆடம் (பகுப்பாய்வுக்கான டேட்டா) வடிவத்தில்தான் கொடுக்க வேண்டும், அப்புறம் ஜப்பானும் 2020இல் இதைக் கட்டாயமாக்கிவிட்டது. ஆகவே இது தெரியாமல் இன்டர்வியூ வாசலைக்கூடத் தாண்ட முடியாது. மாறியின் பெயர் 8 எழுத்துக்குள், லேபிள் 40க்குள் என்கிற மாதிரி, டேட்டாவை அனுப்புகிற பழைய எக்ஸ்.பி.டி. கோப்பின் விதிகளை எல்லாம் பொறுமையாக நடத்தினார்கள்.

சரி, எங்கே இடிக்கிறது? பயிற்சிக்குக் கொடுக்கிற டேட்டாவில். அதில் எல்லாத் தேதியும் முழுசாக, அழகாக இருக்கும். நிஜ ட்ரையலில், அதாவது மருந்துச் சோதனையில், நோயாளி வந்து "மார்ச்ல ஒரு வாட்டி நல்ல தலைவலி வந்துச்சு டாக்டர்" என்பார், நாள் நினைவிருக்காது, படிவத்தில் ஆண்டும் மாதமும் மட்டும் ஏறும். அவர் மருந்தைத் தொடங்கியது மார்ச் 15 என்றால் அந்தத் தலைவலி மருந்துக்கு முந்தியதா, பிந்தியதா? பக்கவிளைவு டேபிளில் அவரை எண்ணுவதா, விடுவதா? உறுதியாகத் தெரியாதபோது மருந்துக்குப் பிறகு வந்ததாகவே வைத்துக்கொள்வதுதான் பொதுவான வழக்கம், இருந்தாலும் அந்த விதி எஸ்.ஏ.பி.யில், அதாவது பகுப்பாய்வுத் திட்டத்தில், முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து போனது என்று தெரிந்த பிறகு விதியை யோசித்தால் அந்த முடிவை யார் நம்புவார்கள்? விதியை எழுதுகிறவர் ஸ்டாட்டிஸ்டிஷியன், அதைப் புரோகிராம் கோடாக மாற்றுகிறவர் புரோகிராமர். போர்டில் பெரிசாக பயோஸ்டாட்டிஸ்டிஷியன் என்று போட்டுவிட்டு இந்தக் கோர்ஸ் தயார் செய்வது புரோகிராமரைத்தான்.

புரோகிராமர் வேலை மட்டமென்று சொல்லவில்லை. முக்கியமான டேபிள் ஒவ்வொன்றையும் ஒருவர் எழுத, இன்னொருவர் அவர் கோடைப் பார்க்காமலே தனியாக எழுதி, இரண்டையும் சாஸின் ஒப்பிடும் கட்டளையான பிராக் கம்பேரில் போட்டு ஒரு புள்ளி வித்தியாசம் இல்லாமல் பொருத்துகிற அந்த வேலைக்குத் தனி மூளை வேண்டும், இந்தியாவில் வேலைவாய்ப்பும் அந்தப் பக்கம்தான் அதிகம். எம்.எஸ்சி.யில் இன்ஃபரன்ஸ் படித்தவர் எதற்குக் காசு கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கோர்ஸ் விட்டுவிட்ட ஸ்டாட்டிஸ்டிஷியன் வேலைக்கு ஒரு உதாரணம். சர்க்கரை நோய் ட்ரையல் ஒன்றில் ஒருவருக்குச் சர்க்கரை ஏறிப்போய் நடுவில் இன்சுலின் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்த ரீடிங்கைக் கணக்கில் சேர்க்கலாமா? சேர்த்தால் ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும், இன்சுலின் கொடுக்காமலே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மதிப்பிட்டால் வேறொரு கேள்விக்குப் பதில் கிடைக்கும். எந்தக் கேள்வி என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள் என்பதுதான் எஸ்டிமாண்ட். மருந்து ஆய்வுப் புள்ளியியலுக்கென்று 1998இல் வந்த ஐ.சி.எச். ஈ9 என்கிற சர்வதேச வழிகாட்டிக்கு 2019இல் இதற்கென்றே ஒரு பின்னிணைப்பு சேர்த்தார்கள். வகுப்பில் கேட்டேன், "அதெல்லாம் கம்பெனில பாத்துக்கலாம்" என்றார்கள். கம்பெனி இன்டர்வியூவில் முதலில் கேட்டதே அதைத்தான். சாம்பிள் சைஸ் கணக்கிடுவதும் கோர்ஸில் கிடையாது. ஆர் என்கிற இலவசப் புள்ளியியல் மென்பொருள் சுத்தமாக இல்லை. எஃப்.டி.ஏ. இந்த மென்பொருள்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை, ஆரில் தயாரித்த ஒரு சோதனை விண்ணப்பத்தை 2021லேயே அங்கே அனுப்பிப் பார்த்துவிட்டார்கள், ஆடம் டேட்டா தயாரிக்கிற அட்மிரல் மாதிரி ஆர் பேக்கேஜ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ட்ரையல்களின் வரலாறு என்று ஒரு ஸ்லைடு போட்டார்கள், பிரிட்டனில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் என்கிற காசநோய் மருந்தின் ட்ரையலோடு முடித்துக்கொண்டார்கள். காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் சானடோரியத்துக்கும் பிரித்து, வீட்டில் இருந்தபடியே குணமாக்கலாம் என்று 1950களில் உலகத்துக்குக் காட்டியது இதே மெட்ராஸ்தான், அதை நடத்திய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் சேத்துப்பட்டில் இருக்கிறது. சென்னைப் பிள்ளைகளுக்கு நடத்துகிற வகுப்பில் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

பெரிய வருத்தம் பிளேஸ்மெண்ட். 100 சதவீதம் என்று நோட்டீஸில் இருக்கும், நடப்பது நம் ரெஸ்யூமேவை நாலு இடத்துக்கு ஃபார்வர்டு செய்வது மட்டும். அதைவிட மோசம், இரண்டு வருஷம் வேலை பார்த்ததாகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், மருந்து ஆய்வுகளை ஒப்பந்தத்தில் செய்துதருகிற சி.ஆர்.ஓ. கம்பெனிகளில் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு, மாட்டினால் வேலை போகும். டேட்டாவின் நேர்மைதான் எல்லாமே என்கிற தொழிலுக்குள் பொய்யோடு நுழையச் சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது.

5க்கு 2.5 கொடுப்பேன், அதில் இரண்டு சாஸ் சாருக்கு. பி.ஃபார்ம்., லைஃப் சயின்ஸ் முடித்துப் புரோகிராமிங் பக்கம் வர நினைக்கிறவர்கள் தாராளமாகச் சேரலாம். புள்ளியியல்காரர்கள் முதலில் சாஸ் ஆன்டிமாண்ட் ஃபார் அகாடெமிக்ஸில் ஒரு கணக்கைத் திறந்துகொள்ளுங்கள், இலவசம், பிரவுசரிலேயே ஓடும். சிடிஸ்க் பைலட் டேட்டா பொதுவில் கிடைக்கிறது, அல்சைமர் நோய்க்கான தோலில் ஒட்டுகிற ஸனோமெலின் பேட்ச் ட்ரையல், 254 பேர், ஆய்வறிக்கையும் கூடவே உண்டு. அறிக்கையில் இருக்கிற ஒரு டேபிளை எடுத்து அதே எண்கள் வரும்வரை நீங்களே போட்டுப் பாருங்கள். முறையாகப் படிக்க நேரமிருந்தால் வேலூர் சி.எம்.சி.யின் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பற்றி விசாரியுங்கள்.

அதற்குப் பிறகும் இங்கே சேர வேண்டுமென்றால் சாஸ் பகுதியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள், எங்கள் பேட்ச்சில் ஒருத்தருக்குப் பேரம் பேசி ஏறக்குறைய பாதி ஃபீஸில் கிடைத்தது. டெமோ வகுப்புக்கு வருகிறவரும் பாடம் நடத்தப்போகிறவரும் ஒரே ஆள்தானா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.