பழைய எஸ்யூவிக்கு மோனோட்யூப் ஷாக் அப்சார்பர்: பில்ஸ்டீன் பி6 எப்படி?

பழைய எஸ்யூவி கைக்கு வந்ததும் பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், கூரையில் ஒரு வரிசை விளக்கு என்றுதான் ஆசை ஓடும். என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2007 மாடல் டீசல், சேசிஸ் தனி பாடி தனி வகை. நான் முதலில் காசு போட்டது ஷாக் அப்சார்பருக்கு, நான்கும் பில்ஸ்டீன் என்ற கம்பெனியின் பி6 மாடல். இந்த வண்டிக்குச் செய்ததிலேயே உருப்படியான செலவு இதுதான், ஆனாலும் எல்லோரையும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

பழையவை ட்வின் ட்யூப் வகை. குழாய்க்குள் குழாய், அதில் எண்ணெயும் வாயுவும் தடுப்பில்லாமல் ஒன்றாக இருக்கும், கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓட்டினால் எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும், அப்புறம் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். பி6 மோனோட்யூப். ஒரே குழாய், உள்ளே மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் அழுத்தம் ஏற்றிய வாயுவையும் பிரித்து வைக்கிறது; எண்ணெய் நேராக வெளிச்சுவரைத் தொடுவதால் சூடும் சீக்கிரம் இறங்குகிறது. ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறது: பிரேக் பிடித்தால் முன்பக்கம் அவ்வளவாகக் குனிவதில்லை, பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரே ஆட்டத்தில் அடங்கிவிடுகிறது. வளைவில் சாயும் அளவு மட்டும் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பிரிங்கை மாற்றவில்லையே. சாய்வது நிதானமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

குறைகளும் உண்டு. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் முன்பைவிடக் கூடுதலாகத் தெரிகின்றன, பின் சீட்டில் இருப்பவர்கள் இதைப் பாராட்டப் போவதில்லை. இன்னொன்று, பிஸ்டன் வெளிக்குழாயின் சுவரிலேயே ஓடுவதால் கல் தெறித்துக் குழாய் நசுங்கினால் கதை முடிந்தது. ட்வின் ட்யூப் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும்.

ஆனால் ஷாக்கைவிட முக்கியம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர். சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் ரப்பர் வெடித்திருக்கும் வண்டியில் எவ்வளவு நல்ல ஷாக்கைப் போட்டாலும் டக் டக் சத்தம் போகாது, ஸ்டியரிங்கும் நேராக நிற்காது, பிறகு பழி ஷாக் மேல் விழும். அதனால் இரண்டையும் ஒரே வேலையாகச் செய்வது நல்லது. இங்கே ஒன்றைக் கூடவே நின்று பார்க்க வேண்டும். வண்டி தூக்கியிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டைக் கடைசி வரை முறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். "அண்ணே, வீல் தரையில நின்னதும் ஃபுல் டைட் வைங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் செய்தார்.

மாற்றுவது எப்போதும் ஜோடியாக, முடிந்ததும் அலைன்மென்ட். டயரையும் பாருங்கள்: பக்கவாட்டில் டிஓடி எழுத்துக்களோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 3517 என்றால் 2017-இல் 35-ஆவது வாரம் செய்தது. கட்டை போல இறுகிய டயரை வைத்துக்கொண்டு புது ஷாக்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பி6, வண்டி கம்பெனியிலிருந்து வந்த உயரத்துக்கானது. வண்டியை உயர்த்தும் எண்ணமிருந்தால் அந்த உயரத்துக்கென்றே செய்த ஷாக்கைத் தேடுங்கள். நல்ல சாலையில், பாரம் ஏற்றாமல் மட்டுமே ஓட்டுபவருக்குச் சாதாரண கேஸ் ட்வின் ட்யூப் போதும், மிச்சப் பணத்தில் புஷ் முழுவதையும் மாற்றிவிடலாம்.