தபாலில் வந்த கடையா, ஏழு மாடிக் கடையா?

பழைய அமெரிக்காவை ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் நகர நடுவிலிருந்த பல மாடிக் கடைகளைத்தான் முதலில் சொல்வார்கள்: சிகாகோவில் மார்ஷல் ஃபீல்ட்ஸ், பிலடெல்ஃபியாவில் வானமேக்கர்ஸ், அட்லாண்டாவில் ரிச்ஸ். அதே காலத்தில் வீடு தேடி வந்தது சியர்ஸ் நிறுவனத்தின் கேட்டலாக்: சாமான்களின் படமும் விலையும் அச்சிட்ட தடித்த புத்தகம். அதைப் பார்த்து ஆர்டர் எழுதி அனுப்பினால் சாமான் வந்து சேரும். இரண்டையும் வைத்துப் பார்த்தால், என் ஓட்டு கேட்டலாக்குக்குத்தான்.

அழகு என்று வந்தால் கடையை மிஞ்ச முடியாது. வானமேக்கர்ஸின் நடுக்கூடத்தில் ஆர்கன் என்ற பிரம்மாண்டமான குழாய் இசைக்கருவி ஒலிக்கும். அங்கிருந்த வெண்கலக் கழுகுச் சிலைதான் ஊரார் சந்தித்துக்கொள்ளும் இடம். மார்ஷல் ஃபீல்ட்ஸின் ஏழாவது மாடி வால்நட் ரூமில், பெரிய கிறிஸ்துமஸ் மரத்தடியில் சாப்பிடுவது பல குடும்பங்களுக்கு வருஷம் தவறாத வழக்கம். பணம் கட்டுவதுகூட வேடிக்கைதான். பல கடைகளில் கவுன்டரில் கல்லாவே இருக்காது. விற்பனைப் பெண் நோட்டையும் பில்லையும் ஒரு உலோகக் குப்பிக்குள் வைத்துக் குழாயில் விடுவார். காற்று அதை உறிஞ்சிக் காசாளரிடம் கொண்டு சேர்க்கும். சற்று நேரத்தில் மீதிச் சில்லறையோடு குப்பி தடாலென்று வந்து விழும். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்திருப்பார்கள்.

ஆனால் இதெல்லாம் டிராம் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தவர்களுக்கு. கிராமத்து விவசாயிக்கு இருந்தது ஒரே ஒரு மளிகைக்கடை. கடைக்காரர் வைத்ததுதான் விலை. 1896-ல் கிராமங்களுக்கு வீட்டு வாசல்வரை தபால் வரத் தொடங்கியது, 1913-ல் பார்சலும் வந்தது. கேட்டலாக்கின் பலமே அதுதான். கைக்கடிகாரம், தையல் மெஷின், கலப்பை எல்லாவற்றுக்கும் விலை அச்சிலேயே இருக்கும். 1908 முதல் 1940 வரை முழு வீடே விற்றார்கள்: அளவாக அறுத்த மரம், ஆணி, பெயின்ட், கட்டும் முறை சொல்லும் புத்தகம் என எல்லாம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். எந்த மொழியில் எழுதினாலும், கையெழுத்து எப்படியிருந்தாலும் சாமான் அனுப்புவோம் என்று அந்த நாள் கேட்டலாக் உறுதி சொன்னது. புதிதாகக் குடியேறிய ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

என்னைக் கேட்டலாக் பக்கம் சாய்த்த முக்கியக் காரணம் வேறு. அந்த நாளில் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் கடைக்குப் போனால், பெரும்பாலும் வெள்ளையர் வாங்கி முடிக்கும்வரை ஒதுங்கி நிற்கவேண்டும். பல கடைகளில் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். ரிச்ஸில் அவர்கள் காசு செல்லும். கடைக்குள்ளேயே இருந்த உணவகமான மேக்னோலியா ரூமில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் முடியாது. 1960 அக்டோபர் 19-ல் மாணவர்களோடு அங்கே போராடியதற்காகத்தான் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். கேட்டலாக்கின் ஆர்டர் தாளில் தோலின் நிறத்துக்குக் கட்டம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே சாமான். அந்தப் பழைய கடைகளின் பளபளப்பைப் பேசும்போது இதைத் தள்ளிவிட்டுப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

கேட்டலாக்கிலும் குறை உண்டு. துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை, செருப்பு கடிக்குமா என்று வந்த பிறகுதான் தெரியும், நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பே பாதி சந்தோஷம். 1933-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் கேட்டலாக் வந்ததும், பொம்மைப் பக்கங்களில் வேண்டியதையெல்லாம் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தின் மூலையை மடித்து, அம்மா கண்ணில் படும்படி வைப்பார்கள்.

சியர்ஸ் தன் பெரிய கேட்டலாக்கை 1993-ல் நிறுத்தியது. மார்ஷல் ஃபீல்ட்ஸ் 2006-ல் மேசிஸ் என்ற இன்னொரு பெரிய கடைத் தொடரின் பெயருக்கு மாறியபோது சிகாகோக்காரர்கள் தெருவில் இறங்கிக் கண்டித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், 1908-ல் ஒரு சாதாரணக் குடும்பம் எந்த அடுப்பில் சமைத்தது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்று இன்றைக்குத் தெரியவேண்டுமென்றால் நான் கேட்டலாக்கைத்தான் புரட்டுவேன்.