லண்டன் ஃப்ரீமேசன் அருங்காட்சியகம்: ஐயங்களோடு செல்லுங்கள்

ஃப்ரீமேசன் என்பது இரகசியச் சடங்குகளும் உறுதிமொழிகளும் கொண்ட ஒரு சகோதரத்துவச் சங்கம். லண்டன் கிரேட் குயீன் தெருவிலுள்ள அதன் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியை ஃப்ரீமேசன் போன்ற இரகசியச் சங்கங்களே திட்டமிட்டு நடத்தின என்று பிரெஞ்சுப் பாதிரியார் பாருயெல் 1797இல் எழுதியது முதல் இன்றுவரை தொடரும் ஐயங்களுக்கு, இங்கே திண்ணமான சான்றுகளின் துணையோடு விடை தேடலாம். இரகசிய உறுதிமொழி எடுக்கும் சங்கங்களை 1799இல் தடைசெய்த பிரிட்டிஷ் சட்டம், ஃப்ரீமேசன் கிளைகளுக்கு விலக்களித்து, உறுப்பினர் பட்டியலை ஆண்டுதோறும் உள்ளூர் நீதி நிர்வாகத்திடம் ஒப்படைக்கப் பணித்தது. ஆட்சியைக் கவிழ்க்க எண்ணும் கூட்டம் தன் பெயர்ப்பட்டியலை அப்படிக் கொடுக்குமா? பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசர், தலைவராக அமர்வதற்கென்றே செய்யப்பட்ட பிரம்மாண்டமான நாற்காலியைத் தவறவிடாதீர்கள். அரியணைக்கு எதிரான சதியைவிட, அரியணையோடு கொண்ட நெருக்கமே இச்சங்கத்தின் உண்மையான செல்வாக்கு என்பதை அது உணர்த்துகிறது. அரசியல் வரலாறு பயில்வோர் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் இது.