மியா ஹாமா, அபி வொம்பாக்கா?

பயிற்சி முடிந்து டச்பே கடற்கரையால் வீடு திரும்பும்போதெல்லாம் எனக்கும் பெறாமகளுக்கும் இதே சண்டைதான்: அமெரிக்கப் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் இந்த இரண்டு முன்னாள் வீராங்கனைகளில் யார் பெரியவர்? அவள் அபி கட்சி, நான் மியா கட்சி.

கோல் கணக்கைப் பார்த்தால் அவள் பக்கம்தான் நியாயம்: அமெரிக்காவுக்காக அபி 184, மியா 158. அபியின் கோல்களில் 77 தலையால் அடித்தவை. 2011 உலகக் கிண்ணக் காலிறுதியில் பிரேசிலிடம் தோற்கப்போகிற நேரம், பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்த அணிக்கு 122ஆவது நிமிடத்தில் தலையால் முட்டிச் சமன் செய்தாரே, அதை இப்போது பார்த்தாலும் புல்லரிக்கும். சரி. ஆனால் உலகக் கிண்ணம் அவர் கைக்கு வந்தது 2015இல்தான், இறுதிப்போட்டியில் மாற்று வீராங்கனையாக.

மியா 15 வயதிலேயே தேசிய அணியில். 1991, 1999 என்று இரண்டு உலகக் கிண்ணம். 1995இல் கோல்காப்பாளர் வெளியேற்றப்பட்டபோது கையுறை மாட்டிக்கொண்டு கம்பத்துக்குள் நின்றவரும் இவர்தான் (இதைச் சொன்னால் பெறாமகள் பேச்சை மாற்றிவிடுவாள்).

அப்புறம் 2004 ஏதென்ஸ். மியாவின் கடைசி ஒலிம்பிக், தங்கத்தோடு முடிந்தது. அந்த இறுதிப்போட்டியில் வெற்றிக் கோலைத் தலையால் போட்டது யார் என்று கேட்டால் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை: அபி.