யாஷினா, நோயரா? கோல்கீப்பர் ஆக நினைக்கும் பசங்களுக்கு

சேலத்தில் கால்பந்து ஆடும் பசங்க பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு: அந்தக் கால சோவியத் கீப்பர் யாஷின் போல ஆடுவதா, இந்தக் கால ஜெர்மன் கீப்பர் நோயர் போல ஆடுவதா?

கை: அப்போது பலர் வெறுங்கை, மழையில் ஊறிக் கனத்த தோல் பந்து. இப்போது லேடெக்ஸ் கையுறை, ஆனால் காற்றிலேயே நெளியும் பந்து.

கால்: பெரிய வித்தியாசம் இதுதான். 1992 வரை தன் அணிக்காரர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கையிலேயே எடுக்கலாம், நேரமும் கடத்தலாம். விதி மாறியதும் கீப்பரும் பாஸ் போட்டே ஆகவேண்டும் என்றானது. 2014 உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுக்கு எதிராக நோயர் பெனால்டி பெட்டியை விட்டுத் திரும்பத் திரும்ப ஓடிவந்து பந்தை வெட்டினாரே, அதுதான் இந்தக் காலம்.

தடுப்பது: இதில் பழையவர்கள்தான் எனக்கு. 1970 உலகக் கோப்பையில் பீலே தலையால் தரையில் குத்திய பந்தை, இங்கிலாந்து கீப்பர் பேங்க்ஸ் வலப்பக்கம் பாய்ந்து, எழும்பும்போதே கிராஸ்பாருக்கு மேலே தூக்கிவிட்டார். நம்ம பீட்டர் தங்கராஜும் 1962 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கீப்பர்.

சரி, யாருக்கு எது? ஏற்காட்டுத் தூறலில் நனைந்த பந்து, மேடுபள்ளமான மண் மைதானம் என்றால் யாஷின், பேங்க்ஸ் வழி: கை, கால் வைக்கும் இடம். டர்ஃபில் குட்டிப் பாஸ் ஆடும் அணி என்றால் நோயர் வழி, இடது காலையும் பழக்கிக்கொள்ளுங்கள்.