முதல் வண்டி: வேவ் 110-ஆ, கிளிக் 125-ஆ?

பர்மாவின் ரங்கூன் நகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஆகவே ஹோண்டாவின் வேவ், கிளிக் என்ற இரண்டு வண்டிகளை ஒப்பிடும் இந்தக் குறிப்பு, மோல்மேன், பெகு, தாட்டோன் ஊர்கள் பக்கம் முதன்முதலாக வண்டி வாங்குவோருக்கு.

ஹோண்டா கிளிக்கில் கியரே கிடையாது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் ஓடும், விட்டால் வேகம் குறையும். பழகுவது எளிது. ஆனால் சக்கரம் 14 அங்குலம்தான், பள்ளத்தில் 'தடக்' என்று இறங்கும். வெள்ளத்தில் ஓட்டி, எஞ்சினின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் இருக்கும் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது.

வேவுக்கு 17 அங்குலச் சக்கரம், நாலு கியர். கிளட்ச் பிடி இல்லை; கியர் மாற்றும் கால்மிதியை அழுத்தும்போதே கிளட்ச் விடுபடும். புதியவர் தவறுவது இங்கேதான். ஆக்ஸிலேட்டரை மூடாமல், குதிகாலால் சட்டென்று கியரைக் குறைப்பார்கள். பின்சக்கரம் உதறும், ஈரச் சாலையில் சறுக்கும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடுங்கள், மிதியை அழுத்துங்கள், பிறகு காலை மெல்ல எடுங்கள். காலியான மைதானத்தில் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கால் தானாகப் பழகிவிடும்.

வேவில் செயினைக் கவனிக்க வேண்டும். நடுவில் விரலால் தூக்கினால் சுமார் 3 சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதிகம் தொங்கினால் பல்சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். மழைக்காலத்தில் அடிக்கடி எண்ணெய் போடுங்கள். கிளிக்கில் இந்த வேலை இல்லை, ஆனால் பெல்ட் தேய்ந்தால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

மே முதல் அக்டோபர் வரை கொட்டும் மோல்மேன் மழைக்கு வேவையே எடுங்கள். கால் ஊன்றச் சிரமப்படுபவர்கள் மட்டும் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யலாம்.