வீட்டுக்கு பிரிண்டர்: இங்க் டேங்கா, லேசரா?

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். வாரத்தேர்வு, மாதிரி வினாத்தாள், பயிற்சித்தாள் என்று ஜூன் முதல் மார்ச் வரை பிரிண்ட் எடுக்கும் வேலை ஓயாது. ஜெராக்ஸ் கடைக்குக் கொடுக்கும் காசு மாதாமாதம் ஏறிக்கொண்டே போனதால் வீட்டுக்கே ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். ஷோரூமில் யாரைக் கேட்டாலும், பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்க்தான் என்றார்கள். விசாரித்து, யோசித்து, கடைசியில் நான் வாங்கியது கறுப்பு வெள்ளை மட்டும் அடிக்கும் லேசர். அக்கா வீட்டில் இங்க் டேங்க் பல வருடமாக இருக்கிறது. அதில் நானும் நிறைய எடுத்திருக்கிறேன். இரண்டோடும் பழகியதை வைத்துச் சொல்கிறேன்: என் ஓட்டு லேசருக்கே.

முதலில் ஒன்றை ஓரங்கட்டிவிடலாம். நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட் இந்தப் பேச்சிலேயே வராது. பிரிண்டர் விலை குறைவு, கார்ட்ரிட்ஜ் விலை அதிகம், அதில் வரும் பக்கமோ சொற்பம். அதேபோல மாதம் பத்துப் பதினைந்து பக்கம்தான் தேவை என்றால் எதையும் வாங்க வேண்டாம், தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும். மாதம் நூறு பக்கத்துக்கு மேல் எடுப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்வது பொருந்தும்.

பக்கத்துக்கு என்ன செலவு என்று பார்த்தால், தாளில் எழுதிப் பார்க்கும்போது இங்க் டேங்க்தான் ஜெயிக்கும். எப்சனின் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி. 4,500 பக்கம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. மூன்று கலர் பாட்டிலும் சேர்ந்து 7,500 பக்கம். கறுப்பில் ஒரு பக்கம் பத்துப் பைசாவுக்கு முன்பின்னாக அடங்கிவிடும். லேசரில் மைக்குப் பதில் போடும் பொடிக்கு டோனர் என்று பெயர். ஒரிஜினல் டோனர் போட்டால் பக்கம் ஒரு ரூபாயை ஒட்டி வரும். உதாரணமாக பிரதரின் டிஎன்-2365 டோனருக்கு 2,600 பக்கம்தான் கணக்கு. ஆனால் நம் ஊரில் ஒரிஜினல் டோனரையே போட்டு ஓட்டும் வீட்டுக்காரர் குறைவு. ரீஃபில் செய்தால் இருபது பைசா பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு வருடம் முழுக்க நான் எடுக்கும் பக்கங்களுக்கு இந்தப் பத்துப் பைசா வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தால் சில நூறு ரூபாய்தான். முடிவு எடுக்க அது போதாது. இந்தப் பக்கக் கணக்கெல்லாம் தாளில் ஐந்து சதவீத இடத்தில்தான் எழுத்து இருக்கும் என்று வைத்துப் போடுவது என்பதையும் மனதில் வையுங்கள். கிராஃபும் வடிவியல் படமுமாக நிரம்பிய வினாத்தாளுக்கு இரண்டு வகையிலும் குறைவாகத்தான் வரும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லேசர் வேகம். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பக்க வினாத்தாளைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்க் காபி போட்டு வருவதற்குள் அடுக்கி வைத்திருக்கும். ஸ்கேனர், காப்பி வசதி வேண்டுமென்றால் இரண்டிலும் இருக்கிறது, கூடக் கொஞ்சம் பணம் வேண்டும். ஸ்கேனை நான் போனிலேயே முடித்துக்கொள்கிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: பிரிண்டர் ஓடாமல் கிடக்கும் நாட்கள். எங்கள் வேலையில் மார்ச் முடிந்ததும் பிரிண்டர் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டால் ஜூனில்தான் திறப்போம். ட்யூஷன் என்றில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைக்கு ப்ராஜெக்ட் வந்தால் ஒரே நாளில் ஐம்பது பக்கம், அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் கிடையாது. விற்கிறவர் ஓடும் நாளின் செலவைச் சொல்கிறார். ஓடாத நாளுக்கு ஆகும் செலவு நாம் கேட்டால்தான் வெளியே வரும்.

இங்க் டேங்க்கும் இங்க்ஜெட் வகைதான். தாளில் மையைத் தெளிக்கும் அதன் ஹெட்டில் மை வெளியே வரும் துளைகள் தலைமுடியை விடச் சன்னமானவை. மையில் பெரும்பகுதி தண்ணீர். பல நாள் சும்மா கிடந்தால் துளை வாயிலேயே தண்ணீர் வற்றி, சாயம் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டு மாடி அறையில் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். அக்கா வீட்டில் நடந்தது இதுதான். கோடை விடுமுறை முடிந்து முதல் பக்கம் எடுத்தபோது கறுப்பு எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது, மஞ்சள் சுத்தமாக வரவில்லை. துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாஸில் செக் பக்கம் எடுத்துப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி வரவேண்டிய கோடுகளில் பாதி இல்லை. ஹெட் கிளீனிங் கொடுத்தார்கள். கொஞ்சம் தேறியது. மறுபடி கொடுத்தார்கள், இன்னும் கொஞ்சம் தேறியது.

இதில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஹெட் கிளீனிங்கிலும் பிரிண்டர் டேங்க்கிலிருந்து மையை உறிஞ்சி, ஹெட் வழியாகத் தள்ளி, அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டையில் கொட்டுகிறது. அதற்கு வேஸ்ட் இங்க் பேட் என்று பெயர். எவ்வளவு கொட்டினோம் என்று பிரிண்டரே கணக்கு வைத்திருக்கும். வரம்பு தாண்டினால், பேட் ஆயுள் முடிந்தது என்று சொல்லி நின்றுவிடும். டேங்க் நிறைய மை இருந்தாலும் ஒரு பக்கம் அடிக்காது. சர்வீஸுக்குத் தூக்கிப் போய், பேடை மாற்றி, கணக்கை ரீசெட் செய்ய வேண்டும். புது மாடல்கள் சிலவற்றில் நாமே கழற்றி மாற்றக்கூடிய மெயின்டனன்ஸ் பாக்ஸ் வந்துவிட்டது. இங்க் டேங்க்தான் வாங்குவது என்று இருந்தால், கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். இரண்டாவது கேள்வி, ஹெட்டை நாமே மாற்ற முடியுமா என்பது. கேனான் ஜி வரிசையிலும் எச்பி டேங்க் பிரிண்டர்களிலும் ஹெட் கழற்றி மாட்டும் வகை. எப்சனில் உள்ளேயே பொருத்தியது. எப்சனின் ஹெட் சூடாக்கி மையைத் தள்ளுவதில்லை, மின்சாரம் பட்டால் நெளியும் படிகத்தைக் கொண்டு, பீசோ முறையில் தள்ளுகிறது. அதனால் அது நீண்ட நாள் உழைக்கக்கூடியதுதான். ஆனால் ஒருமுறை கெட்டியாக அடைத்துக்கொண்டால் வீட்டில் வைத்துச் சரி செய்வது கஷ்டம்.

டோனருக்கு இந்தத் தொல்லையே இல்லை. டோனர் என்பது பொடி; நிறம் ஏற்றிய மிக நுண்ணிய பிளாஸ்டிக் துகள். அதில் வற்றுவதற்குத் தண்ணீர் கிடையாது. டிரம் என்ற உருளையில் மின்னேற்றத்தால் ஒட்டி, தாளுக்கு மாறி, ஃப்யூசர் உருளையில் ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் உருகித் தாளோடு பிடித்துக்கொள்கிறது. ஏப்ரல், மே முழுக்க மூடி வைத்திருந்த என் லேசரை ஜூனில் ஆன் செய்தபோது முதல் பக்கமே பளிச்சென்று வந்தது. மாறியிருந்தது தாள் மட்டும்தான். டிரேயில் விட்டுவைத்த தாள் ஈரம் இழுத்து ஓரம் சுருண்டிருந்தது. புதுக் கட்டைப் பிரித்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

வாங்குவதற்கு முன் நான் ஷோரூமோடு நிற்காமல் டோனர் ரீஃபில் செய்யும் கடைக்கும் போனேன். எல்லோரும் போக வேண்டும் என்பேன். மேசை முழுக்கப் பிரித்துப் போட்ட கார்ட்ரிட்ஜ், வைப்பர் பிளேடு, டாக்டர் பிளேடு, பச்சையும் நீலமுமாக டிரம் உருளைகள். அந்தத் தம்பி சொன்னார்: “டீச்சர், எங்கிட்ட வர்ற இங்க் டேங்க்ல பாதிக்கு மேல ஓடித் தேஞ்சது கிடையாது. ஓடாமக் கெட்டதுதான். லேசர் வாங்குனா எங்கிட்ட வர்றப்ப பொடி தீர்ந்துதான் வருவீங்க.” இங்க் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு அவர் சொல்லும் வழி, வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அடித்துவிடுவது. நியாயமான யோசனைதான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வீட்டில் அதை யார் செய்வது?

அதே கடையில் தெரிந்துகொண்ட இன்னொன்று, டோனர் கார்ட்ரிட்ஜில், அது எது என்று பிரிண்டருக்குக் காட்டும் சிப் இருக்கிறதா என்று பார்ப்பது. 2005 வாக்கில் வந்த எச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதன் 12ஏ கார்ட்ரிட்ஜில் சிப் கிடையாது என்பது பெரிய காரணம். பொடி தீர்ந்தால் நிரப்பலாம், கோடு விழுந்தால் டிரம் மாற்றலாம், பிரிண்டர் எதுவும் கேட்காது. பின்னால் வந்த பல மாடல்களில் சிப் வந்தது. சில மாடல்களில் மென்பொருள் அப்டேட் வழியாகவே வேற்று கார்ட்ரிட்ஜை மறுக்கும் ஏற்பாடும் வந்தது. 2016 செப்டம்பரில் எச்பியின் ஆபீஸ்ஜெட் இங்க்ஜெட்கள் பல நாடுகளில் திடீரென்று வெளிக் கம்பெனி கார்ட்ரிட்ஜுகளை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பவே அந்தத் தடையை நீக்கும் மென்பொருளை வெளியிட்டார்கள். அடுத்த வருடம், 2017 மே மாதம், பிரிண்டர் கம்பெனியான லெக்ஸ்மார்க் தொடர்ந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கார்ட்ரிட்ஜை விற்றுவிட்ட பிறகு அதன் மேல் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. ஆனால் சிப் வைக்கக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்தப் பொடி போடுவது என்பது வாங்கியவர் முடிவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த விஷயத்தில் இங்க் டேங்க்குக்கு நல்ல பெயர் கொடுக்க வேண்டும்: வீட்டுக்கு வாங்கும் மாடல்களில் பொதுவாக பாட்டிலைத் திறந்து ஊற்றுவதுதான், சிப் தொந்தரவு இல்லை.

நான் எடுத்தது பிரதர் எச்எல்-எல்2321டி. தாளின் இரண்டு பக்கமும் தானாக அடிக்கும். டோனரும் டிரம்மும் தனித்தனி. டிரம்முக்கு 12,000 பக்கம் என்று கணக்கு. எனக்கு இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை, மாற்றிய பிறகுதான் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். டோனர் மாற்றச் சொல்லி விளக்கு எரிந்த பிறகும் உள்ளே பொடி மிச்சம் இருக்கும். கன்டினியூ மோடுக்கு மாற்றினால் எழுத்து மங்கும்வரை ஓட்டலாம். வைஃபை கிடையாது, யுஎஸ்பி கம்பி மட்டும்தான். போனிலிருந்து நேராக அடிக்க நினைப்பவர்கள் வேறு மாடல் பார்க்க வேண்டும்.

லேசரில் குறை இல்லாமல் இல்லை. ஃப்யூசர் சூடேறும்போது பல நூறு வாட் இழுக்கும். முதல் பக்கம் வரும்போது என் அறை ட்யூப்லைட் ஒரு கணம் மங்கி எரியும். யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள் என்று கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். அதனால் கரண்ட் போனால் என் பிரிண்டர் நின்றுவிடும். அக்காவின் இங்க் டேங்க் ஓடும்போதே பத்துப் பதினைந்து வாட்தான் எடுக்கும், சாதாரண இன்வெர்ட்டரில் கவலையில்லாமல் அடிக்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருந்தால் இதை யோசித்தாக வேண்டும். டோனர் பொடி தரையில் கொட்டினால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கலர். கறுப்பு லேசரில் அது கிடையவே கிடையாது. ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் வாரம் ஒரு பூவோ தேசியக் கொடியோ வரைபடமோ கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அந்த வீட்டுக்கு இங்க் டேங்க் சரியான பொருள். கலர் அடித்துக்கொண்டே இருப்பதால் ஹெட்டும் காயாது. போட்டோ தாளில் எடுக்கும் படத்தின் தரத்தைப் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன், அக்கா வீட்டில் எப்போதாவது பாஸ்போர்ட் போட்டோ எடுத்ததோடு சரி. கலர் லேசரை வீட்டில் வைத்துப் பழகியதும் இல்லை. நாலு டோனர் வாங்க வேண்டும் என்ற கணக்கைப் பார்த்தே விட்டுவிட்டேன்.

நனையும் விஷயத்தில் மட்டும் லேசருக்கு இன்னொரு மதிப்பெண். வீட்டு இங்க் டேங்க்குகளில் கலர் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாய வகை, சிலவற்றில் கறுப்பும் அப்படித்தான். அதில் எடுத்த ஹால் டிக்கெட் ஐப்பசி மழையில் நனைந்தால் எழுத்து இளகி ஓடும். லேசர் பக்கம் ஈரமாகும், காயும், எழுத்து அப்படியே இருக்கும்.

வீடு மாற்றிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்க் டேங்கைச் சாய்த்துத் தூக்கக்கூடாது. மை குழாய்க்குள் காற்று புகும், சில சமயம் வெளியே ஒழுகும். அக்கா வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தபோது அந்தப் பிரிண்டர் லாரியில் ஏறவில்லை, காரில் அவர் மடியில்தான் போனது. லேசர் என்றால் டோனரைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டால் சாமானோடு சாமானாகப் போய்விடும்.

பழையது வாங்க நினைத்தால் இங்க் டேங்க் பக்கம் போகாதீர்கள். எத்தனை நாள் சும்மா கிடந்தது, பேட் எவ்வளவு நிரம்பியது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பழைய லேசரில் செட்டிங் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால் பெரும்பாலான மாடல்களில் மொத்தம் எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று வந்துவிடும். கூடவே பாதி கறுப்பாக உள்ள ஒரு பக்கத்தை எடுங்கள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால் டிரம் போயிருக்கலாம், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். கையால் தேய்த்துப் பார்க்கும்போது பொடி உதிர்ந்தால் ஃப்யூசரில் கோளாறு இருக்கும். அதை வாங்காமல் வந்துவிடுங்கள்.